கடைசித் தட்டு

விடியற்காலையில் மைக் செட்டில் கண்டசாலாவின் குரல் கேட்டால், ஆந்திர எல்லையோரத்து எங்கள் பாலசமுத்திரத்தில் யாரும் உட்கார்ந்து ரசிக்க மாட்டார்கள். "இன்னிக்கு யாரு?" என்றுதான் கேட்பார்கள். மாட்டடியில் குந்திப் பால் கறந்துகொண்டிருக்கும் ஆயா, கறக்கிற கையை நிறுத்தாமல் காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கும். சத்தம் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடும். "மேலத் தெருதான். நாலு நாளா இழுத்துக்கினு இருந்தாரே, போய்ச் சேர்ந்துட்டாரு போலக்கீது."

குழாயில் ஓடுவது பகவத் கீதை. சமஸ்கிருத சுலோகத்தைக் கண்டசாலா பாடுவார். ஒரு மூச்சு இடைவெளி. பிறகு அதே குரல் பாட்டை விட்டு இறங்கித் தெலுங்கில் பொருள் சொல்லும். மறுபடி சுலோகம். ஆந்திரம் முழுக்க, ஊர் எதுவானாலும், சாவு வீட்டின் அடையாளம் இந்தக் குரல்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்த எங்களுக்கு இரண்டு மொழிச் சாவும் பழக்கம். தமிழ் வீடென்றால் பறையும் ஒப்பாரியும்; மைக் செட் வந்தபிறகு 'பாத காணிக்கை' படத்தில் டி.எம்.எஸ். பாடிய தத்துவப் பாட்டும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் தெலுங்குச் சம்பந்தம் உள்ள வீடென்றால் கண்டசாலா. இரண்டு பக்கமும் சம்பந்தம் உள்ளவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம் என்பதால், பல வீடுகளில் காலையில் கீதை ஓடும், சாயங்காலம் பாடை தூக்கும்போது பறை வந்துவிடும்.

கீதை யுத்தத்துக்குப் போகச் சொல்கிற நூல். வில்லைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தவனை எழுப்பிவிடப் பாடியது. எங்கள் பக்கத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும்போதும் அது சண்டைக்கு முந்தின ராத்திரிக் கதையாகத்தான் வரும். அதே கீதை மைக் செட்டில் ஏறியதும் பிணத்துக்குத் துணையாகிவிட்டது. கண்டசாலா இதை நினைத்துப் பாடியிருக்க மாட்டார்.

அந்தக் கீதைதான் அவர் பாடி வைத்துவிட்டுப் போன கடைசித் தட்டு. உடம்பு நலிந்துபோன காலத்தில் உட்கார்ந்து பாடினார். தட்டு கடைக்கு வருமுன் 1974 பிப்ரவரி 11 அன்று சென்னையில் இறந்துபோனார். வயது 51. எச்.எம்.வி. அதற்கப்புறம்தான் வெளியிட்டது. பாடியவரே இல்லாத வீட்டுக்குள் முதலில் போன தட்டு, பிறகு ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் போக ஆரம்பித்தது.

கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்து, விஜயநகரத்தில் மகாராஜா கல்லூரியில் சங்கீதம் படித்து, வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போய், பிறகு சென்னைக்கு வந்து தெலுங்கு சினிமாவின் குரலாகவே ஆன மனிதர் கண்டசாலா. திருமலை தேவஸ்தானத்தின் ஆஸ்தான வித்வானாகவும் இருந்தார். தமிழ்நாட்டில் இன்றைக்கும் கண்டசாலா என்றால் 'தேவதாஸ்'தான். 1953இல் வந்த அந்தப் படத்தில் நாகேஸ்வர ராவ் குடித்துவிட்டுத் தள்ளாடியபடி உலகமே மாயம் என்று பாடுவாரே, அந்தக் குரல். தமிழ் உச்சரிப்பில் தெலுங்கு வாடை அடிக்கும். குடிகாரனுக்கு அது பொருந்திவிட்டது என்று தமிழ்நாட்டார் நினைத்தார்கள். எங்களுக்கு அது எங்கள் வீட்டுத் தமிழ் மாதிரியே இருந்தது.

'தேவதாஸ்' படமே இன்னொருவரின் கடைசித் தட்டு என்பது பலருக்குத் தெரியாது. அதன் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமன் படம் முடியுமுன் 1952 ஜூனில் இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை. மிச்ச வேலையை அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்துக் கொடுத்தார்கள். 1791இல் மொஸார்ட் சாகும்போது பாதியில் நின்ற இரங்கல் இசையைச் சூஸ்மயர் எடுத்து முடித்ததைப் பற்றி மேலைநாட்டில் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். சுப்பராமன் விட்ட இடத்திலிருந்துதான் விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்கிற இரட்டையர் கிளம்பினார்கள், தமிழில் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர்களுடையது. இதைப் பற்றி நாம் எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

மைக் செட்டுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் தட்டுகளைப் பற்றிச் சொல்ல முடியாது. நாங்கள் அவரை மாமா என்று கூப்பிடுவோம். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாமாதான். ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய், ஒரு தட்டுப்பெட்டி, தகரப் பெட்டி நிறையத் தட்டு. வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவதைப் பார்க்க ஒரு கும்பல், தட்டை உறையிலிருந்து எடுப்பதைப் பார்க்க ஒரு கும்பல். தட்டின் விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கையாலும் பிடிப்பார். வெல்வெட் துண்டால் ஒரே சுற்றாகத் துடைப்பார். முள்ளை இறக்கும்போது அவர் மூச்சு விடமாட்டார், நாங்களும் விடமாட்டோம். யாராவது கிட்டே போனால், "டேய், தட்டு மேல வெரலு பட்டுது, அந்த வெரலு உனுக்கு இல்ல" என்பார்.

எந்த விசேஷமானாலும் முதல் தட்டு சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு. அது சட்டம். கடைசித் தட்டு எது என்பது மட்டும் அவர் இஷ்டம். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து, சமையல்காரர்கள் அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கிற நேரத்தில், கேட்க ஆளே இல்லாதபோது, தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துப் போடுவார். பெரும்பாலும் பி.பி. ஸ்ரீநிவாஸ். அந்த ஒரு பாட்டு அவருக்காக. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்வார். ஊர் முழுக்கப் பாட்டுப் போட்ட ஒரு மனுஷன் பாட்டு கேட்டது அந்த நேரத்தில்தான்.

கீதைத் தட்டை அவர் தகரப் பெட்டியில் வைக்கமாட்டார். தனியாக ஒரு துணிப்பையில் போட்டு வீட்டு உத்திரத்தில் மாட்டியிருக்கும். கல்யாணத் தட்டோடு கலந்துவிடக் கூடாது. சாவு வீட்டுக்கு வாடகை பேசமாட்டார், கொடுத்ததை வாங்கி எண்ணாமல் மடியில் வைத்துக்கொள்வார்.

பிறகு கேசட் வந்தது. பள்ளிப்பட்டில் கேசட் பதிந்து தருகிற கடைகள் வந்தன. பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். அறுபது நிமிஷ கேசட்டில் பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டு பிடிக்கும். கணக்குப் பார்த்து எழுதினாலும் கடைசிப் பாட்டு எப்போதும் இடிக்கும். இரண்டாவது சரணம் ஏறிக்கொண்டிருக்கும்போதே நாடா தீர்ந்து, டேப் ரெக்கார்டரின் பொத்தான் 'டக்' என்று மேலே எகிறும். அப்படிப் பாதியில் அறுந்த பாட்டுகள் எனக்குச் சில உண்டு. பின்னாளில் முழுதாகக் கேட்க வாய்த்தும் அந்த 'டக்'கைத் தாண்டி மனசு போவதில்லை. மிச்சச் சரணம் வேறு யாருடைய பாட்டோ மாதிரி இருக்கிறது.

மாமாவுக்குத் தொழில் அப்போதே இறங்கிவிட்டது. அவர் போனபோது வீட்டில் மைக் செட் இல்லை, விற்றாயிற்று. பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் பெட்டி ஸ்பீக்கரைப் பைக்கில் கட்டி எடுத்துவந்து, பென் டிரைவைச் சொருகிக் கீதை போட்டான். தட்டில் ஒரு புறம் முடிந்தால் திருப்பிப் போடுகிற வரைக்கும் சின்ன அமைதி இருக்கும், அந்த நேரத்தில்தான் சாவு வீட்டின் அழுகை தெருவுக்குக் கேட்கும். பென் டிரைவுக்கு அந்த நிறுத்தம் இல்லை. முடிந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுகிறது.

பாடுகிறவர்களின் கடைசிப் பாட்டு என்ற பேச்சை எடுத்தால் வெளிநாட்டுக்காரர்கள் டேவிட் போவியைச் சொல்வார்கள். கல்லீரலில் புற்றுநோய் என்பதை வெளியே சொல்லாமல் 'பிளாக்ஸ்டார்' என்ற தட்டைச் செய்து முடித்தார். 2016 ஜனவரி 8, அவருடைய 69ஆவது பிறந்த நாளன்று வெளியிட்டார், 10ஆம் தேதி இறந்தார். அதன் கடைசிப் பாட்டின் தலைப்பு, எல்லாவற்றையும் கொடுத்துவிட என்னால் முடியாது என்ற பொருளில் இருக்கும். சாவு வருவது தெரிந்து, அதற்கேற்ற பாட்டை எழுதி, கடைசி இடத்தில் வைத்துவிட்டுப் போனவர்.

நம் பாடகர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நம்முடையது சினிமாப் பாட்டு. கதாநாயகன் ஊருக்குள் வருகிறானா, கதாநாயகி மாங்காய் கடிக்கிறாளா என்பதுதான் பாட்டைத் தீர்மானிக்கிறது. பாடுகிறவர் காலையில் ஸ்டூடியோவுக்குப் போவார், எழுதி வைத்த தாளைப் பார்ப்பார், பாடுவார், அடுத்த ஸ்டூடியோவுக்குப் போவார். அவற்றில் எது கடைசி என்று காலண்டர்தான் பின்னால் முடிவு செய்யும். தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1 அன்று போனார், அவருடைய கடைசிப் படம் 'சிவகாமி' அடுத்த வருஷம் வந்தது. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி பார்த்தது என்று சொல்லாத தமிழர் கிடையாது. 'சிவகாமி'யின் பாட்டைச் சொல்லச் சொன்னால் பாகவதர் பக்தர்களே திணறுவார்கள். டி.எம்.எஸ்ஸுக்கு மட்டும் காலம் கொஞ்சம் கருணை காட்டியது. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டுக்காகக் கருணாநிதி எழுதி ரஹ்மான் இசையமைத்த பாட்டைத் தொடங்கி வைத்தது அவர் குரல்தான். அப்போது வயது 88. பிறகு மூன்று வருஷம்தான் இருந்தார். அத்தனை இளம் பாடகர்கள் அணிவகுத்து நிற்க, முதல் வரியை அந்தக் கிழவருக்குக் கொடுத்தது மரியாதையான காரியம்.

கண்ணதாசன் பாடகர் இல்லை, கவிஞர். ஆனாலும் கடைசிப் பாட்டு என்றால் அவரை விட முடியாது. 1949இல் 'கன்னியின் காதலி'யில் ஆரம்பித்தவர், சாவைப் பற்றியே தமிழனுக்கு ஒரு மொழி கொடுத்தவர். நான் மேலே சொன்ன 'பாத காணிக்கை' பாட்டு அவர் எழுதியதுதான். 1981இல் அமெரிக்கா போய், அக்டோபர் 17 அன்று சிகாகோவில் இறந்தார். அவர் எழுதிய கடைசி சினிமாப் பாட்டு என்று எல்லாரும் சொல்வது 'மூன்றாம் பிறை'க்காக எழுதிய 'கண்ணே கலைமானே'. படம் 1982 பிப்ரவரியில் வந்தது. இளையராஜா இசை, ஜேசுதாஸ் குரல், பாலுமகேந்திரா படம். குழந்தை மனசாகிப்போன ஒரு பெண்ணைத் தூங்கவைக்க ஒருவன் பாடுகிற தாலாட்டு. கடைசியாக ஒரு பாட்டு எழுதுங்கள் என்று சொல்லிக் கேட்டிருந்தால் கண்ணதாசன் வாழ்க்கை, மாயை, கண்ணன் என்று ஒரு பெரிய தத்துவப் பாட்டை எழுதியிருப்பார், அது நன்றாகவும் இருந்திருக்கும். ஆனால் தெரியாமல் எழுதிய இந்தத் தாலாட்டு அதைவிட மேல். சிகாகோவிலிருந்து உடல் வந்த சேதியெல்லாம் வானொலியில் கேட்டு, அதற்கப்புறம் சில மாதம் கழித்து அந்தப் பாட்டு அதே வானொலியில் வந்தபோது, எங்கள் வீட்டில் அப்பா சோற்றில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். படத்தில் நடித்த ஸ்ரீதேவியின் அம்மா திருப்பதிக்காரர் என்பதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தனிப் பெருமையும் இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெருமை என்று ஆரம்பித்தால் அது பாலுவில்தான் வந்து நிற்கும். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் என்று எங்களில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கேட்டதில்லை.

அவர் பிறந்த கோனேட்டம்பேட்டை பள்ளிப்பட்டு வட்டாரத்தில் இருக்கிறது. எங்களுக்குப் பள்ளிப்பட்டு பக்கத்து ஊர். நடுவில் மாநில எல்லை ஒன்று உண்டு. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டும் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்துக்குப் போயின. சத்தியவேடு பக்கம் இந்தப் பக்கம் வந்தது. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். எல்லைப் போராட்டம் நடத்திய ம.பொ.சி. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் நாமும் போயிருக்கலாம் என்று சொல்கிற பெரியவர்கள் ஊரில் இருந்தார்கள். போகாததும் ஒரு விதத்தில் நல்லது. போயிருந்தால் கண்டசாலாவின் கீதை எங்கள் காதில் இப்படி விழுந்திருக்காது.

பாலு இரண்டு பக்கத்துக்கும் பொதுப் பிள்ளை. சின்ன வயசுப் படிப்பு நகரியில் மாமா வீட்டில். பிறகு காளஹஸ்தி. அங்கே பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் 'செஞ்சுலட்சுமி' படத்தில் சுசீலா பாடிய பாட்டை அவரைப் பாடச் சொல்லி டேப் ரெக்கார்டரில் பதிந்து போட்டுக் காட்டினார். தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பி.யூ.சி. திருப்பதியில். சென்னையில் 1964இல் நடந்த தெலுங்கு அமைப்பொன்றின் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். நடுவர்களில் ஒருவர் இசையமைப்பாளர் கோதண்டபாணி, இன்னொருவர் கண்டசாலா. கோதண்டபாணிதான் 1966இல் அவரைச் சினிமாவில் பாடவைத்தார். அந்த நன்றிக்குப் பின்னாளில் தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே கோதண்டபாணி பெயர் வைத்தார் பாலு. 1974இல் கண்டசாலா போனார், அதே வருஷம் கோதண்டபாணியும் போனார். தெலுங்குக்காரர்கள் அடுத்து யார் என்று கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. போட்டியில் மார்க் போட்டவரின் நாற்காலியில் மார்க் வாங்கிய பையன் உட்கார்ந்தான்.

2020. ஊரடங்கு. மே மாதம் இளையராஜா ஒரு பாட்டு வெளியிட்டார், 'பாரத் பூமி'. கொரோனாவில் வேலை செய்த டாக்டர்கள், நர்சுகள், துப்புரவுத் தொழிலாளர்கள், போலீஸ்காரர்களுக்காக. பாடியவர் பாலு. நடுவில் இரண்டு பேருக்கும் பாட்டு உரிமை பற்றிப் பிணக்கு வந்து, வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போய், பிறகு சமாதானமானது ஊரறிந்த கதை. ஆகஸ்ட் 5 அன்று பாலுவே கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். காய்ச்சல் லேசானதுதான், பயப்பட வேண்டாம் என்று அவர் சிரித்துக்கொண்டே பேசிய வீடியோ ஒன்று வந்தது. சில நாளில் நிலைமை மோசமானது. எழுந்து வா பாலு என்று இளையராஜா ஒரு வீடியோவில் கூப்பிட்டார். செப்டம்பர் 25 அன்று மதியம் போய்விட்டார். வயது 74. தாமரைப்பாக்கம் தோட்டத்தில் அடக்கம். அங்கேயிருந்து கோனேட்டம்பேட்டைக்கு மாவட்ட எல்லை தாண்ட வேண்டியதில்லை, இரண்டுமே திருவள்ளூர் மாவட்டம்.

அன்றைக்கு எங்கள் ஊரில் எந்தக் குழாயிலும் கீதை ஓடவில்லை. ஊரடங்கில் கூட்டம் சேர்க்கக் கூடாது. அவரவர் வீட்டு டிவியில், செல்போனில், அவரவருக்குப் பிடித்த பாட்டு ஓடியது. தெருவில் நடந்து போனால் ஒரு வீட்டில் 'சங்கராபரணம்', அடுத்த வீட்டில் ரஜினி, அதற்கடுத்த வீட்டில் 'ஆயிரம் நிலவே வா'. தமிழும் தெலுங்குமாகக் கலந்து வந்தது. ஒரு மனுஷனுக்கு ஒரே தெருவில் ஒரே நேரத்தில் இரண்டு மொழியில் துக்கம் கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவருடைய கடைசிப் பாட்டு எது என்று கேட்டால் பல பதில் வரும். ரஜினி ரசிகர்களுக்கு 'அண்ணாத்த'. 2021 அக்டோபரில், பாலுவின் முதலாண்டு நினைவு நாள் முடிந்த கொஞ்ச நாளில் அந்தப் படத்தின் தொடக்கப் பாட்டு வந்தது. இமான் இசை, விவேகா வரிகள். நாற்பத்தைந்து வருஷம் என் குரலாக வாழ்ந்தவர், இதுதான் எனக்காக அவர் பாடும் கடைசிப் பாட்டாக இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்று ரஜினி எழுதினார். பாட்டு என்று பார்த்தால் அது சாதாரணம். 'அண்ணாமலை'யில் பால்காரனாகவும் 'பாட்ஷா'வில் ஆட்டோக்காரனாகவும் ரஜினியை உள்ளே அழைத்துவந்த பாட்டுகளுக்குப் பக்கத்தில் இதை நிறுத்த முடியாது. படம் பார்க்கப் பள்ளிப்பட்டுப் பக்கம் போனேன். எழுபது கடந்த நடிகர் திரையில் ஆடுகிறார், எழுபது கடந்த குரல் பின்னால் பாடுகிறது. குரலில் மட்டும் வயசு தெரியவில்லை. முன் வரிசையில் விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கள் பாட்டு முடிகிற இடத்தில் விசிலை நிறுத்தினார்கள், யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். அந்தக் கைதட்டு ரஜினிக்கு இல்லை.

எனக்கு மட்டும் 'பாரத் பூமி'தான் கடைசி. அதுவும் இளையராஜாவின் பெரிய பாட்டுகளோடு சேராது. ஆனால் கொரோனாவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்காகப் பாடிவிட்டு, பாடியவரே அந்த வார்டுக்குள் போய்ப் படுத்தார் என்பதை மறந்துவிட்டு அதைக் கேட்க முடியவில்லை. கடைசிப் பாட்டுகளின் விஷயமே இதுதான் என்று நினைக்கிறேன். பாட்டுக்குள் இருப்பது பாதி, நாம் போய்ச் சேர்ப்பது பாதி. கண்டசாலாவின் கீதையில் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தது முக்கால்.

நா. முத்துக்குமார் 2016இல் போனபின் இரண்டு வருஷம் கழித்து '2.0' படத்தில் பறவைகளைப் பற்றி அவர் எழுதிய பாட்டு வந்தது. அதைப் பாடிய பம்பா பாக்யாவும் 2022 செப்டம்பரில் போய்விட்டார், 'பொன்னியின் செல்வன்' படத்தில் அவர் குரலைத் திரையில் கேட்க அவர் இல்லை. நாற்பது சொச்சம் வயதுதான் இருவருக்கும். இதோடு பாக்யாவின் கணக்கு முடிந்தது என்று நினைத்தால், 2024இல் ரஹ்மான் இசையமைத்த 'லால் சலாம்' பாட்டில் மறுபடி அவர் குரல். கூடவே 1997இல் விபத்தில் இறந்த ஷாகுல் ஹமீதின் குரலும், 'திருடா திருடா'வில் வாத்தியமே இல்லாமல் பாடினாரே, அவர். இரண்டும் செயற்கை நுண்ணறிவு செய்த குரல்கள். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினோம், உரிய பணமும் கொடுத்தோம் என்றார் ரஹ்மான். ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். கேட்டேன். ஷாகுல் ஹமீதின் குரலேதான். ஆனால் மூச்சு எடுக்கிற இடம் இல்லை.

பவதாரிணி விஷயம் இன்னும் கஷ்டம். 'பாரதி' படத்தில் பாடி தேசிய விருது வாங்கியவர். 2024 ஜனவரி 25 அன்று புற்றுநோயில் போனார். அப்போது அவருடைய தம்பி யுவன் பெங்களூரில் 'கோட்' படத்துக்கு ஒரு பாட்டுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இது அக்காவுக்கான பாட்டு, உடம்பு தேறி வந்ததும் பாடவைக்கலாம் என்று நினைத்ததாகவும், ஒரு மணி நேரத்தில் சாவுச் செய்தி வந்ததாகவும் அவரே சொன்னார். பிறகு அந்தப் பாட்டு இயந்திரம் செய்த அக்கா குரலோடு ஜூனில் வெளிவந்தது. தம்பியின் துக்கத்தில் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. அவர் செய்ததை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

ஆனால் அடுத்து வருகிறவர்கள் தம்பிகளாக இருக்கமாட்டார்கள். பாகவதரை, கண்டசாலாவை, பாலுவைப் புதுப் படத்தில் பாடவைத்து, இதுதான் அவருடைய புதுப் பாட்டு என்று விளம்பரம் செய்ய ஆள் வரும். கேட்க நன்றாகவும் இருக்கலாம். வேண்டுமானால் கேளுங்கள். பாட்டுப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: அதை அவர்கள் பெயரில் எழுதாதீர்கள். அவர்கள் தொண்டையால் பாடியது எங்கே நின்றதோ, அங்கே கோடு போட்டுவிடுங்கள்.